வார் வைத்த துப்பாக்கி உறை: எந்தத் தொந்தரவுக்கு எங்கே பார்க்கணும்

"வார் சரியில்லைங்க, மாத்திக் குடுங்க" என்று உறையை மேசையில் வைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இடுப்பில் கட்டியிருக்கும் பெல்ட்டைத்தான். வார் என்பது துப்பாக்கி வெளியே வராமல் உறையின் வாய்க்கு மேலே குறுக்கே போய்ப் பட்டனில் பூட்டும் தோல் பட்டை. ஈரோட்டில் தோல் தைக்கும் கடை எங்களுடையது. அப்பாரு (தாத்தா), காளை பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்த காலத்தில் தண்ணீர் மொள்ளும் பறிக்குத் தோல் வால் தைத்தவர், அப்பா காளைக்குக் கழுத்து வார் தைத்தார், நான் பெல்ட், பை, அப்புறம் பதினெட்டு வருஷமாகத் துப்பாக்கி உறை. பட்டாளத்திலிருந்து வந்து பணவண்டியிலும் வங்கியிலும் காவல் பார்ப்பவர்கள், ஊரை விட்டுத் தள்ளித் தோட்டத்தில் தனியாகக் குடியிருப்பவர்கள், வால்பாறைப் பக்கத்து எஸ்டேட்காரர்கள் சிலர் என்று வருவார்கள். எல்லோரும் லைசென்ஸ்காரர்கள்.

இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். துப்பாக்கியைப் பிடித்து வைக்கிற வேலையில் முக்கால்வாசியை உறையின் அச்சும் (துப்பாக்கியின் வடிவத்துக்கே தோலை அழுத்தி எடுத்த வார்ப்பு) பெல்ட்டும் செய்ய வேண்டும், வார் கடைசிப் பூட்டு. வாரை மட்டும் மாற்றிக்கொண்டு போனவர்கள் ஆறு மாதத்தில் அதே குறையோடு திரும்பி வந்திருக்கிறார்கள். அதனால் உங்களுக்கு என்ன தொந்தரவோ அந்தத் தலைப்புக்குப் போய்ப் பாருங்கள். ஆனால் அடுத்த பத்தியைப் படிக்காமல் தாண்டிப் போக வேண்டாம்.

கீழே எங்கெல்லாம் "போட்டுப் பாருங்கள்" என்று எழுதியிருக்கிறேனோ அங்கெல்லாம் காலித் துப்பாக்கி என்றே அர்த்தம். ரிவால்வர் என்றால் திறந்து, தோட்டாக்களை இறக்கி, சிலிண்டரின் ஒவ்வொரு ஓட்டையையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள். பிஸ்டல் என்றால் முதலில் மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டி) கழற்ற வேண்டும், அப்புறம்தான் மேலே நகரும் ஸ்லைடை இழுத்து, குழலில் தோட்டா ஏறி நிற்கும் இடத்துக்குள் பார்க்க வேண்டும். வரிசை மாறினால் அடுத்த தோட்டா தானாக உள்ளே ஏறிக்கொள்ளும், கையில் மேகசின் இருப்பதால் காலி என்று நினைத்துக்கொள்வோம். இறக்கிய தோட்டாவை வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். என் கடையிலும் இதே கட்டுப்பாடுதான். துப்பாக்கியை நான் தொடுவதில்லை, லைசென்ஸ் வைத்திருப்பவரே காலி செய்து, அவரே போட்டுக் காட்ட வேண்டும். அளவு எடுத்து வேப்பங்கட்டையில் ஒரு மாதிரி செதுக்கிக்கொள்வேன், மீதி வேலை எல்லாம் அந்தக் கட்டையில்தான்.

பட்டன் பூட்டவே வரவில்லை

புது உறை என்றால் முதலில் துப்பாக்கி அடி வரை இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். உறையின் அடியில் பஞ்சு, நூல், மண் சேர்ந்து கட்டியாகி நாலைந்து மி.மீ. தூக்கி நிறுத்தியிருக்கும், அந்த அளவே பட்டன் எட்டாமல் போகப் போதும். உறையைக் கவிழ்த்துத் தட்டுங்கள், டார்ச் அடித்து உள்ளே பாருங்கள்.

அடுத்து, உறை உங்கள் துப்பாக்கிக்குத்தான் தைத்ததா? ".32 ரிவால்வருக்கு" என்று மட்டும் சொல்லி வாங்கினால் அது பாதி விவரம். .32 என்பது தோட்டாவின் அளவு. குழல் நீளம், சிலிண்டரின் பருமன், பிடியின் வளைவு இவை ஒவ்வொரு மாடலுக்கும் வேறு. கான்பூரில் செய்த ரிவால்வருக்குத் தைத்த உறையில் தாத்தா காலத்துச் சீமைத் துப்பாக்கியைத் திணித்தால் எங்காவது இடிக்கும். பிடியை மாற்றிக் கனமான ரப்பர் பிடி போட்டிருந்தாலும் வார் குட்டையாகிவிடும், இதைப் பலர் சொல்ல மறந்துவிடுவார்கள்.

இரண்டும் சரி என்றால் தோல் இன்னும் பழகவில்லை என்று அர்த்தம். வாரின் உள்பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து, கட்டையைப் பாலிதீன் கவரில் சுற்றி உள்ளே விட்டு, பட்டனைப் பூட்டி ஒரு ராத்திரி நிழலில் வையுங்கள். கட்டை இல்லாதவர்கள் உறையைத் தைத்தவரிடமே கொடுத்துச் செய்துகொள்வது நல்லது, ஈரத் தோலுக்குள் துப்பாக்கியை ராத்திரி முழுக்கப் போட்டு வைக்க வேண்டாம். மூன்று நாலு மி.மீ. வரை தோல் கொடுக்கும். அதற்கு மேல் தேவைப்பட்டால் வாரை மாற்ற வேண்டும். கட்டிங் பிளேயரால் பிடித்து இழுத்தால் பட்டனைச் சுற்றித் தோல் கிழிந்துவிடும், எண்ணெய் ஊற்றினால் வார் தொளதொளவென்று ஆகிவிடும். அந்தத் தொளதொளப்பு எவ்வளவு ஆபத்து என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

கான்பூர் .32 வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தனியாக. அது நடுவில் மடிந்து திறக்கும் ரிவால்வர், குதிரைக்கு (பின்னால் எழுந்து விழுந்து தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல்) பக்கத்திலேயே திறக்கும் தாழ்ப்பாள் இருக்கும். வார் அந்தத் தாழ்ப்பாளின் மேல் ஏறி அழுத்தக் கூடாது. பட்டன் பூட்டியபின் துப்பாக்கி லேசாக வாய் திறந்த மாதிரி இருந்தால் அந்த வார் போகும் பாதையே தப்பு, இழுத்து நீட்டிப் பிரயோஜனமில்லை.

தேர்தல் முடிந்து வாங்கி வந்தேன், உறைக்குள் போகமாட்டேன் என்கிறது

இது நம் ஊரில் அடிக்கடி வரும். விலக்குப் பெற்றவர்கள் தவிர மற்றவர்கள் தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலுக்கு மார்ச் 16 அன்று அறிவித்து ஜூன் 4 அன்று எண்ணினார்கள், நல்ல வெயில் காலம். அந்த எண்பது நாளும் காலி உறை பீரோவில் துணிக்கு அடியில் நசுங்கிக் கிடந்து வாய் மூடிக்கொள்ளும், தோல் காய்ந்து ஒரு சுற்று சுருங்கும். துப்பாக்கி வந்த அன்றைக்கே பலவந்தமாகத் திணிக்காதீர்கள். பழைய பனியன் துணியை இறுக்கமாகச் சுருட்டி, லேசாக ஈரப்படுத்தி உள்ளே விட்டு இரண்டு நாள் வையுங்கள், வாய் திரும்பிவிடும். முழுக்கக் காய்ந்தபின் துப்பாக்கியைப் போட்டுப் பாருங்கள். அடுத்த தடவை ஒப்படைக்கும் அன்றைக்கே ஒரு மரக்கட்டையை உள்ளே விட்டுவிட்டால் இந்த வேலையே இல்லை.

பட்டன் தானாகத் திறந்துகொள்கிறது

பட்டனைப் பூட்டித் திறக்கும்போது "டக்" என்று சத்தம் கேட்க வேண்டும். சத்தம் மங்கி, நக நுனியால் தட்டினாலே திறந்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தேய்ந்துவிட்டது. பட்டனை மாற்றுவது பத்து நிமிஷ வேலை. திருப்பூரில் பட்டன் அடித்துக் கொடுக்கும் கடைகள் நிறைய உண்டு, ஆனால் பனியன், சட்டைக்கு அடிக்கிற பட்டனை இதற்குப் போடச் சொல்லாதீர்கள். அதன் தண்டு குட்டை. இரண்டு மடிப்புத் தோலைத் தாண்டி வந்து பிடிக்க அதற்கு நீளம் போதாது, ஒரு மாதத்தில் பிடுங்கிக்கொண்டு வரும்.

சத்தம் நன்றாகக் கேட்டும் திறக்கிறதா? அப்படியானால் ஏதோ ஒன்று பட்டனைத் திறக்கிறது. எது என்று கண்டுபிடிக்க ஒரு நாள் முழுக்கக் காலி உறையைப் பட்டன் பூட்டி, உள்ளே கட்டையோ துணிச் சுருளோ வைத்து இடுப்பில் மாட்டிக்கொண்டு வழக்கமான வேலையைப் பாருங்கள். திறந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கவனியுங்கள். என்னிடம் வந்த ஒரு பணவண்டிக் காவலருக்கு வண்டியில் ஏறும் ஒவ்வொரு தடவையும் கதவின் ஓரம் உரசிப் பட்டன் திறந்துகொண்டிருந்தது. அவர் இரண்டு வார் மாற்றியிருந்தார், உறையை இடுப்பில் இரண்டு அங்குலம் பின்னால் தள்ளினதும் சரியாகிவிட்டது. வேறொருவருக்குக் காரின் சீட் பெல்ட் கொக்கி. இன்னொருவருக்குத் தொப்பை, குனியும்போதெல்லாம் அது வாரின் நாக்கை, அதாவது பெருவிரலால் தள்ளித் திறக்கும் நுனியை, தள்ளிவிட்டது, அவருக்கு உறையை ஒரு அங்குலம் கீழே இறக்கித் தைத்துக் கொடுத்தேன்.

மூன்றாவது காரணம் உறை பெரிது என்பது. துப்பாக்கி உள்ளே ஆடுகிறது, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வாரை மேலே இடிக்கிறது, பட்டன் எத்தனை நாள்தான் தாங்கும்? சோதித்துப் பார்ப்பது சுலபம். காலித் துப்பாக்கியை உள்ளே போட்டு, பட்டனைத் திறந்துவிட்டு, கட்டில் மெத்தைக்கு மேலே உறையை மெதுவாகக் கவிழுங்கள். நல்ல உறை வார் இல்லாமலே துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கவிழ்த்ததும் பொத்தென்று விழுந்தால், உங்கள் வார் இத்தனை நாளாகத் தனியாளாகப் பாரம் சுமந்திருக்கிறது. "எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும்" என்று ஆன்லைனில் விற்கும் நைலான் உறைகள் பெரும்பாலும் இந்தச் சோதனையில் விழுந்துவிடும். எதற்கும் அச்செடுக்காததால்தான் அதை எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்க முடிகிறது. அதில் வெல்க்ரோ வார் வேறு இருக்கும், பஞ்சும் தூசியும் ஏறி நாளாக ஆகப் பிடிப்பு விட்டுப்போகும். காந்தப் பட்டன் வைத்துக் கேட்கிறார்கள், நான் தைத்துத் தருவதில்லை. பையைத் திறப்பதற்கு அது நல்லது, ஓடினாலும் விழுந்தாலும் மூடியே இருக்க வேண்டிய இடத்துக்கு அது போதாது.

எடுக்கும்போது உறையும் கூடவே மேலே வருகிறது

பெல்ட்டுதான். ஒரு அங்குல அகலத்தில் ஒற்றைத் தோல் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, ஒன்றரை அங்குல லூப்பு வைத்த உறையை மாட்டினால் இப்படித்தான் ஆகும். லூப்பும் பெல்ட்டும் ஒரே அகலம், ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ., இரண்டு தோல் சேர்த்துத் தைத்தது. இரண்டு முனையையும் பிடித்துக் குறுக்கே மடக்கினால் பெல்ட் சுலபமாக முறுக்கக் கூடாது. இது ஒன்றைச் சரிசெய்தாலே வரும் புகாரில் பெரும்பகுதி போய்விடும், உறையைவிடப் பெல்ட்டுக்குத்தான் முதலில் செலவு செய்யச் சொல்வேன்.

வேட்டி கட்டுபவர்களுக்கு இது தனிப் பிரச்சனை. தோட்டத்தில் இருக்கும் பெரியவர்கள் வேட்டிக்கு மேலே அந்த அகலமான பச்சைப் பெல்ட்டைக் கட்டி, பணம், செல்போனோடு உறையையும் அதிலேயே செருகிக்கொள்கிறார்கள். அந்தப் பெல்ட் பணப்பைக்கென்று செய்தது, முக்கால் கிலோ பாரம் ஒரு பக்கமாகத் தொங்கினால் சாயும், நடக்க நடக்க முன்னால் நகரும், உட்காரும்போது குழல் தொடையைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். பெருந்துறைப் பக்கத்து மாமா ஒருவருக்கு, பச்சைப் பெல்ட்டுக்கு உள்ளே வேட்டியோடு சேர்த்து இறுக்குகிற மாதிரி இரட்டைத் தோல் பெல்ட் ஒன்று தனியாகத் தைத்து, உறையை அதில் நகராமல் இரண்டு இடத்தில் பிடிக்கும்படி லூப்பு வைத்துக் கொடுத்தேன். நிற்கிறது. ஆனாலும் வேட்டியோடு வெளியே போக வேண்டிய நாளில் தோளில் மாட்டும் பைக்குள் உறையோடு வைத்துப் பூட்டி, பையைக் கையை விட்டு இறக்காமல் வைத்துக்கொள்வதே மேல் என்று அவரிடமும் சொன்னேன், உங்களிடமும் அதையே சொல்கிறேன்.

திரும்ப உள்ளே வைக்கும்போது வார் மடிந்து உள்ளே போகிறது

மற்ற குறையெல்லாம் தொந்தரவு, இது உயிர் விஷயம். இந்தக் குறை இருக்கிற உறையை இன்றைக்கே கழற்றி வையுங்கள்.

நடப்பது இதுதான். துப்பாக்கியை எடுத்தாயிற்று, வேலை முடிந்தது, திரும்ப வைக்கப் போகிறோம். வார் துவண்டு உறையின் வாய்க்குள் விழுந்து கிடக்கிறது, அல்லது சட்டை நுனி உள்ளே போயிருக்கிறது. துப்பாக்கி இறங்கும்போது அந்தத் தோலோ துணியோ டிரிக்கர் வளையத்துக்குள் நுழைந்துகொள்கிறது. கொஞ்சம் தடுக்கிற மாதிரி இருக்கிறது, இறுக்கம்தான் என்று நினைத்து அழுத்துகிறோம். டிரிக்கரில் விரல் இல்லை, ஆனால் விரல் செய்கிற வேலையை வார் செய்துவிடுகிறது. குழல் அந்த நேரத்தில் நம் தொடையை ஒட்டிக் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறது.

என் கடையிலேயே ஒரு தடவை இது நடந்தது. நான் தைத்த உறை, இரண்டு வருஷம் உழைத்தது, வாரின் தோல் நைந்திருந்தது. அந்த அண்ணன் காலி செய்த ரிவால்வரை உள்ளே வைக்கும்போது கடைசி அரை அங்குலத்தில் தடுத்தது, அழுத்தினார், குதிரை எழுந்து விழுந்த சத்தம் கேட்டது. ரெண்டு பேரும் சித்த நேரம் பேசவில்லை. அன்றிலிருந்து நான் ஒற்றைத் தோலில் வார் வைப்பதே இல்லை. இரண்டு தோலுக்கு நடுவில் மெல்லிய தகடு வைத்துத் தைக்கிறேன், பட்டனைத் திறந்ததும் வார் தானாக வெளிப்பக்கம் விலகி நிற்க வேண்டும், உறையின் வாயைச் சுற்றி இன்னொரு பட்டைத் தோல் வைத்துத் தைத்திருக்க வேண்டும், துப்பாக்கியை எடுத்தபின் வாய் மூடிக்கொள்ளக் கூடாது. நீங்கள் கடையில் வாங்கும்போதும் இதை முதலில் பாருங்கள்: காலி உறையை இடுப்பில் கட்டி, பெல்ட்டை இறுக்கிவிட்டு, வாய் திறந்தே இருக்கிறதா என்று. டிரிக்கர் வளையம் முழுக்க உறைக்குள் மறைந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம், பக்கவாட்டில் விரல் நுழைகிற அளவு இடைவெளி இருந்தாலும் அந்த உறை வேண்டாம்.

இனி வைக்கும் முறை. எடுக்கும்போது அவசரம் இருக்கலாம், திரும்ப வைக்கும்போது ஒருபோதும் அவசரம் கிடையாது. விரலை டிரிக்கர் வளையத்துக்கு வெளியே, சட்டத்தை ஒட்டி நேராக நீட்டிக்கொள்ளுங்கள். இடது கையால் சட்டையை நெஞ்சு வரை தூக்கிப் பிடியுங்கள், அந்தக் கை குழலுக்கு முன்னால் வரக் கூடாது. குனிந்து உறையின் வாயைக் கண்ணால் பாருங்கள், வார் வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். குதிரை வெளியே தெரியும் ரிவால்வர் என்றால் பெருவிரலைக் குதிரையின் முதுகில் வைத்துக்கொண்டு மெதுவாக இறக்குங்கள், எதுவாவது டிரிக்கரைத் தள்ளினால் குதிரை எழும்புவது பெருவிரலில் உடனே தெரியும். எங்கே தடுத்தாலும் அழுத்தாமல் மேலே எடுத்துவிட வேண்டும், இரண்டாவது யோசனையே வேண்டாம். வண்டியில் உட்கார்ந்தபடி வைக்காதீர்கள், இறங்கி நின்று வையுங்கள். காலையில் கிளம்பும்போது உறையைக் கையில் வைத்துத் துப்பாக்கியைப் போட்டு, பட்டனைப் பூட்டி, அப்புறம் பெல்ட்டில் கோர்த்துக்கொள்வது இன்னும் நல்லது, உடம்பு அந்த ஆட்டத்தில் இல்லாமல் போய்விடுகிறது.

சட்டை நுனி ஏன் இவ்வளவு தொந்தரவு என்றால் அதை இன் பண்ணவும் முடியாது. 2016 ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கென்று செய்த உறையில் போட்டு உடம்போடு சேர்த்தோ, பைக்குள்ளோதான் கொண்டுபோகலாம், அதுவும் முழுக்க மறைந்திருக்க வேண்டும். வார் உறையில் பிடி வெளியே தெரியும், அதனால் சட்டையை வெளியே விட்டு மறைக்கிறோம். மேல் மூடி வைத்த பழைய போலீஸ் மாதிரி உறையில் இந்தச் சிக்கல் இல்லை. எடுக்கக் கொஞ்சம் நேரமாகும், ஆனால் தோட்டத்துக்கும் வங்கிக்கும் போய்வரும் பலருக்கு மூடி உறையே போதும், நான் அதையே முதலில் எடுத்துக் காட்டுவேன்.

பெருவிரலுக்குப் பட்டன் அகப்படவில்லை

வார் உறையில் பட்டன் பெருவிரல் பக்கம், அதாவது துப்பாக்கிக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும். பிடியைக் கையால் முழுசாகப் பிடித்தபின் பெருவிரல் கீழ்நோக்கி உடம்புப் பக்கம் தள்ளினால் திறக்க வேண்டும். முதலில் பட்டனைத் தேடித் திறந்துவிட்டு அப்புறம் பிடியைப் பிடிப்பவர்களுக்குத்தான் அகப்படுவதில்லை. இடது கைக்காரர் வலது கை உறை வாங்கியிருந்தால் எத்தனை பழகினாலும் வராது, வேறு உறைதான். நாக்கு மெத்தென்று மடங்கினால் உள்ளே தகடு இல்லை என்று அர்த்தம், விரலின் பலம் பட்டனுக்குப் போய்ச் சேராது. மற்றபடி பழக்கம்தான். தோட்டா இல்லாத அறையில் காலித் துப்பாக்கியோடு, சுவரைப் பார்த்து நின்று, தினம் இருபது தடவை, வெசையாக வேண்டாம், மெதுவாக. இரண்டு வாரத்தில் விரல் தானாகப் போகும்.

விலாவில் குத்துகிறது, காரில் உட்கார முடியவில்லை

உறை உயரமாக நிற்கிறது, அல்லது நேராக நிற்கிறது. பிடி கொஞ்சம் முன்னால் சாயும்படி லூப்பைச் சாய்த்துத் தைத்தால் விலாவில் இடிக்காது. இடுப்பு எலும்புக்குச் சற்றுப் பின்னால் கட்டிப் பாருங்கள், ஆனால் முதுகெலும்புக்கு நேராக வேண்டாம், தவறி விழுந்தால் அடி அங்கேதான் படும்.

துப்பாக்கியில் துரு, தோட்டாவில் பச்சை

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பொள்ளாச்சிப் பக்கம் எல்லாம் நமுத்துப்போகும், வால்பாறையைக் கேட்கவே வேண்டாம். தோல் அந்த ஈரத்தையும் நம் வியர்வையையும் குடித்து வைத்துக்கொள்ளும், அதற்குள் இரும்பை வைத்துப் பூட்டினால் துருதான். உறை, கொண்டுபோவதற்கு மட்டும். வீட்டுக்கு வந்ததும் எடுத்துத் துடைத்து, தனியாகப் பூட்டி வையுங்கள். குரோம் போட்டுப் பதப்படுத்திய மெத்தென்ற தோலில் துரு சீக்கிரம் வரும். மரப்பட்டையில் பதப்படுத்திய தோல்தான் இதற்கு ஏற்றது, நம் பக்கத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதப்படுத்துவது வழிவழியாக வந்த தொழில், ஈரோட்டிலேயே கிடைக்கும். அச்சில் அழுத்தினால் அந்த வடிவத்திலேயே நிற்பதும் அந்தத் தோல்தான். தோல் வளையத்தில் செருகி வைக்கும் பித்தளைத் தோட்டா பச்சை பூத்தால் துணியால் துடைத்து எடுத்துவிட்டு, இனி டப்பாவில் வையுங்கள். நனைந்த உறையை வெயிலிலோ அடுப்படியிலோ காய வைக்காதீர்கள், துணியை உள்ளே திணித்து ஃபேன் காற்றில் விடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம்.

அப்பாவின் உறை, புதுத் துப்பாக்கி

தந்தையின் காலத்துக்குப் பிறகு லைசென்ஸ் மாற்றி, வேறு துப்பாக்கி வாங்கி, "உறை மட்டும் அப்பாவோடதே இருக்கட்டுங்க, வாரை மட்டும் மாத்துங்க" என்று கேட்பவர்கள் உண்டு. ஆசை புரிகிறது, ஆனாலும் நான் மறுத்துவிடுவேன். இருபது வருஷம் வேறொரு துப்பாக்கிக்கு அச்சாகிப்போன தோல் புதிதைப் பிடிக்காது, எந்த வாரும் அதைச் சரிக்கட்டாது. பவானியிலிருந்து வந்த ஒரு தம்பிக்கு அந்த உறையைப் பிரித்து, அதே தோலில் லைசென்ஸ் புத்தகம் வைக்க ஒரு பை தைத்துக் கொடுத்தேன். உறை புதிது.